ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி

கேள்வி: எனக்கு 34 வயது. குன்னூர் பக்கம் இருக்கிறோம். அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். மேட்டுப்பாளையம் – ஊட்டி தடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து பத்து மாதம் கஷ்டப்பட்டு, இந்த ஜனவரியில் போய்விட்டார். அந்தப் பத்து மாதமும் வீட்டில் ஒரே கேலியும் சிரிப்பும்தான். ஆரம்பித்து வைத்தது அப்பா. மூக்கில் குழாய் போட்டபோது “டீசல் டேங்கை இடம் மாத்திட்டாங்க” என்றார். நானும் தம்பியும் சேர்ந்துகொள்வோம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். அப்பாவை அமரர் ஊர்தியில் ஏற்றியதும், அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் மாமா வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, “போலாம் ரைட்” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. “அப்பன் பொணம் போறப்போ பல்லக் காட்டுனவ” என்று அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நான்கு மாதம் ஆகியும் எனக்கு ஒழுங்காக அழுகை வரவில்லை. அப்பா பேச்சை எடுத்தால் தம்பி எழுந்து போய்விடுகிறான். தினமும் குடித்துவிட்டு வருகிறான். நாங்கள் செய்தது தப்பா? எனக்கு ஏதாவது மனக்கோளாறா?

(கடிதம் நீளமானது. சுருக்கியிருக்கிறேன். கடைசியில் பின்குறிப்பாக நான்கு வரி இருந்தது, அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

நேராகக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மனக்கோளாறு எதுவும் இல்லை. நான்கு மாதம் அழுகை வராமல் இருப்பதற்கென்று ஒரு நோய்ப்பெயர் கிடையாது. துக்கம் நோயாக நீண்டுவிட்டது என்று சொல்வதற்கே ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-ல் தங்கள் கையேட்டில் அதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்தார்கள். அதுவும், ஏக்கத்தில் அன்றாட வாழ்க்கையே நின்றுபோனவர்களுக்காக. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறீர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் விழித்துக்கொள்கிறீர்கள். அந்த இரண்டு மணி விஷயத்தைப் பின்னால் பார்ப்போம்.

கண்டக்டர் மாமா விஷயம். அதைப் படித்ததும் நானும் சிரித்தேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். முப்பது வருடம் உங்கள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவரைக் கிளப்பிவிட்ட மனிதர், கையில் விசில் இல்லாததால் தகரத்தைத் தட்டியிருக்கிறார். அதற்கு அழுவதா சிரிப்பதா என்று உங்கள் உடம்பு முடிவெடுக்க அரை நொடிகூட இல்லை. இரண்டும் ஒரே வாசலில் முட்டி மோதும்போது எது முதலில் வெளியே வரும் என்பது நம் கையில் இல்லை. பரீட்சை ஹாலிலும் கல்யாண முகூர்த்தத்திலும் சிரிப்பு வருவது இப்படித்தான்.

ஆனால் அத்தையின் கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். தொண்ணூறு வயதில் பேரன் பேத்தி எடுத்துப் போனால் கல்யாணச் சாவு என்கிறோம். பறை அடிக்கிறோம், ஆடுகிறோம், மாமன் மச்சான் முறைக்காரர்கள் பிணத்தையே கேலி செய்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கே மலையில் படகர் ஊர்களில் சாவு வீட்டில் இசையும் ஆட்டமும் தொன்றுதொட்டு உண்டு. ஆக, சாவில் சிரிப்பு நமக்குப் புதிதல்ல; அதற்கு வயதும் முறையும் நேரமும் வகுத்து வைத்திருக்கிறோம். உங்கள் அப்பாவுக்கு 63. கல்யாணச் சாவுக்கு அது காணாது. சிரித்ததும் முறைக்காரர் இல்லை, பெற்ற மகள். சிரித்த நேரமோ, அண்ணனுக்காக அத்தை ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த ஒப்பாரி அவருடைய உரிமை; அவர் அண்ணனுக்குச் செய்யக் கடைசியாக மிச்சமிருந்த ஒன்று. அதன் நடுவில் உங்கள் சிரிப்பு விழுந்துவிட்டது. உங்கள் பக்கம் குற்றம் இல்லை, அவருக்குக் காயம் இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

அதனால் அத்தையிடம் நியாயம் பேசப் போகாதீர்கள். மேட்டுப்பாளையத்தில்தானே இருக்கிறார், ஒருநாள் சும்மா போங்கள். “அத்தை, அப்பா சின்ன வயசுல எப்படி?” என்று மட்டும் கேளுங்கள். முதலில் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனைப் பற்றிய கதைகளில் சிரிப்புக் கதைகள் அவரிடம்தான் அதிகம் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த அப்பாவைவிட இருபது வருடம் பழைய அப்பா அவரிடம் இருக்கிறார்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. “அப்பா எங்களிடம் கடைசிவரை எதையும் மனம்விட்டுப் பேசாமலே போய்விட்டார், எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிட்டோம்” என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி.

வியாதியை அப்பாவிடம் மறைத்தீர்கள். குடும்பமாகக் கூடி, “அல்சர்” என்று சொல்வதாக முடிவு செய்தீர்கள். நான் பார்க்கிற பத்து வீட்டில் பாதி வீட்டிலாவது இது நடக்கும். மகன் என்னை வாசலிலேயே மடக்கி, “டாக்டர், அவர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்பார். உள்ளே போனால் அப்பா என் கையைப் பிடித்து, “டாக்டர், எனக்குத் தெரியும், பசங்ககிட்ட சொல்லிராதீங்க, தாங்க மாட்டாங்க” என்பார். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் காவல் நிற்பார்கள். உங்கள் வீட்டில் அந்தச் சுவரை உடைத்தது யார்? கோயம்புத்தூரில் ரேடியேஷன் ஆரம்பித்த முதல் நாள், வாசல் பலகையைப் படித்துவிட்டு, “அல்சருக்கு யாருடா கரண்ட் வைக்கிறா?” என்று தம்பியைக் கேட்டார். எல்லோரும் முழித்தீர்கள். அவர் சிரித்தார். அன்றோடு அல்சர் என்ற சொல் வீட்டைவிட்டுப் போனது. ஒரு டாக்டர் எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அரை மணி நேரம் எடுத்துச் செய்கிற காரியத்தை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். யாரையும் பொய்யர் என்று சொல்லாமல், யார் தலையும் குனியாமல்.

நம் வீடுகளில் அப்பாக்கள் உட்காரவைத்து மனம் திறப்பதில்லை. “உன்னை எனக்குப் பிடிக்கும்” என்பதையே “சாப்பிட்டியா” என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் தன் சாவைப் பற்றி எந்த மொழியில் பேசுவார்? தெரிந்த மொழியில்தான். அவருக்கு வண்டி தெரியும். நீங்கள் எழுதியிருப்பதையே வரிசையாக வைத்துப் பாருங்கள். எடை குறைந்தபோது “லோடு எறக்கிட்டாங்க, இனி மைலேஜ் குடுக்கும்.” ஸ்கேனுக்குப் போகும்போது “எஃப்.சி.க்குப் போறேன்.” ஸ்கேன் முடிவு மோசமாக வந்தபோது “கண்டம் பண்ணச் சொல்லி எழுதிட்டாங்க.” டிப்போவில் கண்டம் என்றால் என்ன என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உடைத்து எடைக்குப் போடப்போகும் வண்டி. இதைவிடத் தெளிவாக ஒருவர் என்ன சொல்ல வேண்டும்?

இன்னொன்று. கடைசி வாரம் உங்கள் பையன் தாத்தா கட்டிலில் ஏறியிருக்கிறான். அவர் மூச்சு வாங்கச் சுவரோரமாக நகர்ந்து இடம் விட்டுவிட்டு, “ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி. எறங்குற வண்டி ஓரங்கட்டணும்” என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதோடு கடந்துபோய்விட்டீர்கள். மலைப்பாதையில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விதி அது. ஏறுகிற வண்டி பாதியில் நின்றுவிட்டால் திரும்பக் கிளப்புவது கஷ்டம் என்பதால் இறங்குகிறவன்தான் நிற்க வேண்டும். முப்பது வருடம் பர்லியாருக்கு மேலே தினம் தினம் கடைப்பிடித்ததைத் தன் பேரனுக்கும் கடைப்பிடித்தார். பேசாமல் போய்விட்டார் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

வாந்திக் கதையை மட்டும் இங்கே சொல்லாமல் விட முடியாது. கீமோவும் கரண்டும் சேர்ந்து ஓடிய நாட்களில், 25 தடவை, போகும்போது 14 கொண்டை ஊசி வளைவு, வரும்போது 14. கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, மடியில் பாலிதீன் பையை விரித்துக்கொண்டு, “முப்பது வருசமா பின்னாடி வாந்தி எடுத்தவங்களையெல்லாம் கண்ணாடியில முறைச்சுப் பாத்தேன். எல்லாரும் சேந்து சாபம் விட்டுட்டாங்க” என்றாராம். அந்த மனிதரை நான் ஒருமுறை பார்த்திருக்கலாமே என்று இருந்தது.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்காக ஒரு நிமிடம். வீட்டில் யாரோ படுத்திருக்கும்போதே இதைப் படிப்பவர்கள் இருப்பீர்கள். இந்தக் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: “கார்த்திகையில் இரண்டு வாரம் அப்பா ஜோக்கே அடிக்கவில்லை, மனசு விட்டுவிட்டார் என்று நினைத்தோம்.” மனசு விடவில்லை. வலி. மார்ஃபின் ஆரம்பித்த மூன்றாம் நாள், மாத்திரை கொடுத்த அம்மாவிடம் “என்ன, கட்டிங்கா?” என்று கேட்டிருக்கிறார். பேச்சுக்காரர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் முதலில் வலியைக் கேளுங்கள். மனதை அப்புறம் பார்க்கலாம். தாங்காத வலியில் யாருக்கும் நகைச்சுவை வராது.

மார்ஃபினுக்குப் பயந்து அந்த இரண்டு வாரம் தள்ளிப்போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பயப்படாத வீடே இல்லை. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கணக்குப் பார்த்துத் தருகிற மார்ஃபின் ஆளைப் போதைக்காரர் ஆக்குவதில்லை, சாவைச் சீக்கிரம் கொண்டுவருவதும் இல்லை. முதல் சில நாள் தூக்கமாக இருக்கும், தெளிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்குக் கூடவே மருந்து கொடுக்க வேண்டும். சாதா மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரக் காத்திருக்காமல். விழுங்க முடியாதவர்களுக்கு அதைப் பொடித்துக் குழாய் வழியாகக் கொடுக்கலாம். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிற வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. ஒரு காலத்தில் 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே இதை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு வழி கொஞ்சம் இலகுவாகியிருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற ஆதரவு சிகிச்சையும் உண்டு, 2021-லிருந்து நடக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன்.

அம்மா.

மூன்று பக்கக் கடிதத்தில் அம்மா ஐந்து இடத்தில் வருகிறார். “அம்மா மட்டும் சிரிக்க மாட்டார்” என்பதே இரண்டு தடவை. கொஞ்சம் குறையாகவே எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த ஐந்து இடத்தையும் கோடு போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் கஞ்சியை வடிகட்டுகிறார். ஓர் இடத்தில் குழாய் அடைத்துவிட்டதென்று வெந்நீர் வைக்கிறார். ஓர் இடத்தில் ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கை விரிப்பு மாற்றுகிறார். நீங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் கையில் எப்போதும் ஒரு பாத்திரம் இருந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயில் ஊற்ற வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிரிப்பதற்கு உட்கார வேண்டும் சகோதரி. அவர் உட்காரவில்லை.

இதைக் கடுமையாகச் சொல்கிறேனோ? இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சிரிப்பில் எனக்கு இருக்கிற ஒரே குறை இதுதான். அது மூன்று பேருடைய சிரிப்பாக இருந்தது, நாலாவது ஆளுக்கு அதில் இடம் இல்லை. அவர் எங்கே பயந்தார், எங்கே அழுதார் என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் கலகலப்பைக் கெடுக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டும் இருந்திருக்கலாம். குழாயில் கஞ்சி ஊற்றிய பெரிய சிரிஞ்சை இன்னும் கழுவி அடுப்படி மேடையில் கவிழ்த்து வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், தூக்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடாதீர்கள். பத்து மாதம் அது அவர் கையாகவே இருந்தது. அவர் எப்போது எடுத்து வைக்கிறாரோ அப்போது வைக்கட்டும்.

அம்மாவிடம் “மனசுல இருக்கிறதைச் சொல்லும்மா” என்று எதிரில் போய் உட்காராதீர்கள். அப்படிக் கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்ற பதில் தயாராக இருக்கும். மேரக்காய் நறுக்கும்போதோ, பட்டாணி உரிக்கும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கை வையுங்கள். “ராத்திரியில நீ மட்டும் முழிச்சிருப்பியே, அப்ப அப்பா என்ன பேசுவாரு?” என்று கேளுங்கள். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் அவர்கள் இரண்டு பேர்தான் விழித்திருந்தார்கள். உங்களுக்குத் தெரியாத ஓர் அப்பா அந்த நேரத்தில் இருந்திருக்கலாம். அம்மா சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் பட்டாணியை உரித்துவிட்டு எழுந்து வாருங்கள். இன்னொரு நாள் கேட்கலாம்.

தம்பி விஷயம் மட்டும் ஆறப்போட முடியாது. துக்கத்தில் பேசாமல் எழுந்து போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அப்பாவோடு சேர்ந்து ஜோக் அடித்தவனுக்கு இப்போது எதிர்ப்பாட்டு இல்லை, அவ்வளவுதான். தினமும் குடிப்பதுதான் கவலை. டாக்ஸி ஓட்டுகிறான், சீசன் நேரம், மலைப்பாதை. அவனைத் திட்டுவதைவிடக் கண்டக்டர் மாமாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள். அவர் சொன்னால் அப்பா சொன்ன மாதிரி இருக்கும். குடித்த ராத்திரிக்கு மறுநாள் காலையில் சாவியை அவர் வாங்கி வைக்கட்டும். “நானும் போயிடறேன்” என்கிற மாதிரிப் பேச்சு ஒருமுறை வந்தால்கூட விளையாட்டாக எடுக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். நேரில் கூட்டி வந்தாலும் சரி.

இப்போது அந்தப் பின்குறிப்பு. உங்கள் கையெழுத்துக்குக் கீழே, வேறு பேனாவில் இருந்தது:

“அப்பா போவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு ராத்திரி ‘பயமா இருக்கு கண்ணு’ என்றார். ‘கல்லட்டியில முப்பத்தாறு வளைவும் எறக்குன ஆளுக்குப் பயமா?’ என்றேன். சிரித்தார். அப்புறம் ‘லைட்டை அணைக்காத’ என்றார். விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு பயம் என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை.”

மற்ற மூன்று பக்கமும் இதற்கு முன்னுரை. எங்கள் தொழிலில் இது பழகிய விஷயம். வந்தவர் அரை மணி நேரம் முட்டி வலி பேசுவார். கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி “அப்புறம் டாக்டர்…” என்பார். அதுதான் வந்த காரியமாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவது தெருவில் சிரித்த சிரிப்பு இல்லை, இதுதான்.

அவர் அன்றைக்குப் பேச நினைத்தாரா, நீங்கள் ஜோக்கால் கதவைச் சாத்திவிட்டீர்களா? இருக்கலாம். இல்லவே இல்லை என்று நான் எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், இரண்டு மணிக்கு அது நிற்காது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். படித்து முடித்த புதிதில், சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வயிற்றில் புற்றுநோய் வந்த ஒரு கரும்பு விவசாயி. நல்ல நக்கல் பேர்வழி. ஐப்பசியில் ஒருநாள் ரவுண்ட்ஸ் போகும்போது, “டாக்டரே, பொங்கலுக்கு நான் கரும்பு கடிப்பனா?” என்றார். “கரும்பு என்னங்க, தோட்டத்தையே கடிப்பீங்க” என்றேன். வார்டே சிரித்தது, அவரும் சிரித்தார். நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மார்கழி பாதியில் அவர் இறந்துபோனார். அது ஜோக் இல்லை, பொங்கல் வரை இருப்பேனா என்ற கேள்வி என்பது எனக்குப் பிணவறைச் சீட்டில் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து யாராவது சாவை வைத்து ஜோக் அடித்தால் சேர்ந்து சிரிப்பேன், சிரித்து முடித்ததும் நகர மாட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, “விளையாட்டுக்குச் சொன்னீங்களா, நெசமாவே கேக்கறீங்களா?” என்பேன். பாதிப் பேர் “சும்மாதான்” என்பார்கள். மீதிப் பேர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

நான் அன்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நீங்கள் போகவில்லை. உங்கள் நான்கு வரியை மறுபடியும் படித்துப் பாருங்கள். அவர் ஒருமுறை சொன்னார், நீங்கள் ஜோக் அடித்தீர்கள், சிரித்தார். சிரித்துவிட்டு அதையே இன்னொருமுறை சொன்னார், வேறு வார்த்தையில்: “லைட்டை அணைக்காத.” அறுபத்து மூன்று வயது மலைப்பாதை டிரைவர், ஜனவரிப் பனியில், பாதி ராத்திரியில் எதற்கு லைட் கேட்கிறார்? அந்த இரண்டாவது தடவை நீங்கள் ஜோக் அடிக்கவில்லை. லைட்டை எரியவிட்டு விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அதன்பிறகு அவர் பயம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை என்பதைக் குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று விட்டிருக்கலாம். லைட்டும் ஆளும் இருந்ததால் சொல்லத் தேவைப்படாமலும் இருந்திருக்கலாம். அடுத்து வந்த ஒன்பது ராத்திரியும் யாராவது ஒருவர் லைட்டோடு உட்கார்ந்திருந்ததாகக் கடிதத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. யார் ஆரம்பித்து வைத்த வழக்கம் அது என்று நீங்கள் எழுதவில்லை.

அழுகையைப் பற்றி: வரவழைக்க முயல வேண்டாம். துணையை இழந்து ஆறு மாதமானவர்களை வைத்து கெல்ட்னர், பொனானோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1997-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது மனதாரச் சிரித்தவர்களிடம் கோபம் குறைவாக இருந்தது, மற்றவர்களோடு உறவும் நன்றாக இருந்தது. சிரித்தவர்கள் அழாதவர்கள் என்று அதில் இல்லை. அழுகை அதற்குரிய நேரத்தில், சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறுவதையே தவிர்க்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை வீட்டுக்கு எப்படியும் போக வேண்டுமே, அன்று வந்தாலும் வரலாம். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காருங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். அப்பாவுடைய மார்ஃபின் மாத்திரை அரை அட்டை அலமாரியில் மிச்சமிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா தூங்காத, தம்பி குடிக்கிற வீட்டில் அது ஒருநாள்கூட இருக்கக் கூடாது. குப்பையிலும் போட வேண்டாம், வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். தூரம் என்றால் எங்கள் மையத்துக்குக் கொண்டு வாருங்கள், எழுதி வாங்கிக்கொண்டு முறைப்படி அனுப்பிவிடுவோம். வியாழக்கிழமை கூட்டம் குறைவு. அம்மாவையும் கூட்டி வாருங்கள், டீ போட்டு வைக்கிறேன். அவர் உட்கார்ந்து குடிக்கட்டும்.